பிரெக்கன்ரிட்ஜ் புரூபப்புக்குக் குடும்பத்தோடு போகலாமா? போகலாம், வந்து சேரும் நாளில் மட்டும் வேண்டாம்

கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் கடைசி வாரம் நியூ ஜெர்சியிலிருந்து கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜுக்கு நான்கு நாள் பயணம். கூட வருவது மனைவி, 9 வயது மகள், சென்னையிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. கேட்டவர் எப்போதாவது பீர் குடிப்பவர், மற்றவர்கள் தொடுவதில்லை, அப்பா அம்மா சைவம். அங்கே பீரைத் தாங்களே காய்ச்சி விற்கும் புரூபப் ஒன்றைப் பார்க்க ஆசை, ஆனால் 'பார்' என்றதும் அம்மா முகம் சுளிக்கிறார். போகலாமா, போனால் என்ன குடிப்பது, எதைக் கவனிக்க வேண்டும், ஊருக்கு வாங்கிப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் கொலராடோவின் டென்வர் பக்கம் பல வருடங்களாக இருக்கிறேன், வீட்டில் சின்னப் பாத்திரத்தில் பீர் காய்ச்சிப் பழகியவன், ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு உறவினரையும் அந்த மலைக்குக் கூட்டிப்போய் வந்தவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும். தாராளமாகப் போங்கள், குழந்தையையும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டே போங்கள். ஆனால் போய்ச் சேர்ந்த அன்றைக்குப் போகாதீர்கள், மூன்றாம் நாள் மதியம் போங்கள். அந்த ஊரில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது உயரம்தான், குடிக்கிற ஆளையும் சரி, கிளாஸில் இருக்கிற பீரையும் சரி.

பிரெக்கன்ரிட்ஜ் 9,600 அடியில், அதாவது 2,926 மீட்டரில் இருக்கிறது. இது எவ்வளவு என்று நம் கணக்கில் சொன்னால்தான் புரியும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரம் 2,637, தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. ஆனைமுடியின் உச்சியைவிட 200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அந்த ஊரின் கடைத்தெருவே இருக்கிறது, மலைகள் அதற்கு மேல்தான் ஆரம்பிக்கின்றன. நீங்கள் கடல் மட்டத்திலிருந்து காலையில் விமானம் ஏறி, டென்வரில் இறங்கி, வண்டி எடுத்து, ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதையைத் தாண்டி அன்று மாலையே அங்கே நிற்பீர்கள். அந்தச் சுரங்கம் 11,158 அடியில் இருக்கிறது. டென்வரில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி மகள் கையில் கொடுத்து வையுங்கள், சுரங்கத்தை நெருங்கும்போது அது பலூன் மாதிரி உப்பி, தட்டினால் டம் டம் என்று சத்தம் வரும். வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது என்பதை அவளுக்கு வேறு எப்படியும் இவ்வளவு எளிதாகக் காட்ட முடியாது.

பிரெக்கன்ரிட்ஜில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. காற்றும் மிக வறட்சி, வியர்ப்பதே தெரியாது, தண்ணீர் உடம்பை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். முதல் இரண்டு நாள் தலைவலி, குமட்டல், தூக்கம் வராமை, இரண்டு மாடி ஏறினாலே மேல்மூச்சு வாங்குவது, இதெல்லாம் திடகாத்திரமான ஆளுக்கும் வரும். நான் முதல் தடவை போனபோது வந்திறங்கிய அன்று மாலையே ஒரு பப்பில் உட்கார்ந்து இரண்டு பைன்ட், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் பீர் குடித்தேன். ராத்திரி முழுக்க நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தது, வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மறுநாள் மலை பார்க்கப் போனவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பீர் மட்டுமே காரணமா, உயரம் மட்டுமே காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, பிரிக்க முடியாமல் போவதுதான் ஆபத்தும்கூட. உயரத்தால் வரும் தலைவலியை 'நேற்றுக் குடித்தது' என்று நினைத்து அலட்சியப்படுத்திவிடுவோம்.

மலையில் ஒரு பீர் இரண்டு பீருக்குச் சமம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். இரத்தத்தில் மதுவின் அளவு உயரத்தால் கூடுவதில்லை, அதே ஒரு பீர் அதே அளவுதான் ஏறும். ஆனால் ஏற்கனவே ஆக்சிஜன் குறைந்து, தண்ணீர் குறைந்து, தூக்கம் கெட்ட உடம்பில் அது ஏறுவதால் வித்தியாசமாகத் தெரிகிறது. தூங்கும்போது மூச்சின் வேகத்தையும் மது குறைக்கும், ராத்திரியில்தான் உயரம் நம்மை அதிகம் வாட்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே மலைக்குப் போகும் பயணிகளுக்கு முதல் 48 மணி நேரம் மது வேண்டாம் என்றுதான் அறிவுரை சொல்கிறது. மூன்றாம் நாள் என்று நான் சொன்னது ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான். முடிந்தால் முதல் இரவு டென்வரில் தங்குங்கள், அது 5,280 அடி, உடம்புக்கு ஒரு படிக்கட்டு மாதிரி உதவும். அப்பா அம்மாவுக்கு இதய நோயோ நுரையீரல் தொந்தரவோ இருந்தால் புரூபப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, இந்த உயரத்துக்குப் போகலாமா என்று அவர்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, இனி புரூபப்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டால், 'பார்' என்ற வார்த்தையை விட்டுவிட்டு, 'பக்கத்திலேயே பீர் தயாராகிற சாப்பாட்டுக் கடை' என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. கொலராடோவின் பௌல்டர் நகரில் இருக்கும் புரூவர்ஸ் அசோசியேஷன் என்ற பீர் தயாரிப்பாளர் சங்கம் வைத்திருக்கும் வரையறையும் அதுதான்: தான் காய்ச்சும் பீரில் குறைந்தது 25 சதவீதத்தை அந்த இடத்திலேயே விற்க வேண்டும், கூடவே முறையான சமையலறையும் சாப்பாடும் இருக்க வேண்டும். சமையலறை இல்லாமல் பீர் மட்டும் ஊற்றித் தரும் இடத்துக்கு டேப்ரூம் என்று பெயர், அங்கே வெளியே ஒரு சாப்பாட்டு வண்டி நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நீங்கள் குடும்பத்தோடு போவதால் தேட வேண்டியது புரூபப்தான். மதியம் 3 மணிக்குப் போனால் பாதி மேசைகளில் குழந்தைகள் கிரேயானால் படம் வரைந்துகொண்டிருக்கும், தாத்தா பாட்டிகள் சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள். நம் ஊர் மதுக்கடையின் இருட்டும் நெடியும் அங்கே கிடையாது. பெங்களூரில் இந்த மாதிரி இடத்துக்குப் போயிருந்தால் ஓரளவு பழக்கமாக இருக்கும், ஆனால் அங்கே இருக்கும் சத்தமான பாட்டு மலையூர் பப்புகளில் மதிய நேரத்தில் இருக்காது.

எனக்குப் பிடித்த இடம் பிரதான தெருவின் தெற்குக் கோடியில் இருக்கும் பிரெக்கன்ரிட்ஜ் புரூவரி பப். 1990ல் ரிச்சர்ட் ஸ்க்வைர் என்ற பனிச்சறுக்குப் பிரியர் தொடங்கியது. அந்த வருடத்தின் பொருள் புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொலராடோவில் மதுவிலக்கு நாடு முழுவதற்கும் வருவதற்கு நான்கு வருடம் முன்பே, 1916 ஜனவரி முதல் தேதியே வந்துவிட்டது. 1933ல் விலக்கு போன பிறகும் பெரிய கம்பெனிகள்தான் பிழைத்தன, வீட்டில் பீர் காய்ச்சுவதை அமெரிக்க அரசு சட்டப்படி அனுமதித்ததே 1978ல்தான். வீட்டு அடுப்பில் பழகியவர்கள் கடை திறக்க ஆரம்பித்தார்கள். டென்வரில் விங்கூப் என்ற புரூபப் 1988ல் வந்தது, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஹிக்கன்லூப்பர் பிறகு நகர மேயராகி, மாநில ஆளுநராகி, இப்போது செனட்டர். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1859ல் தங்கம் தேடி வந்தவர்கள் உண்டாக்கிய, 1961ல் பனிச்சறுக்கு வந்த பிறகு மறுபடி உயிர்பெற்ற இந்த மலையூரில் ஒருவர் பீர் காய்ச்ச அடுப்பு மூட்டினார் என்றால் அது துணிச்சல்தான்.

உள்ளே நுழைந்ததும் காய்ச்சும் கலன்களைப் பார்க்கிற மாதிரி ஒரு மேசை கேளுங்கள். இங்கே நம் மொழியில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது, 'காய்ச்சுவது' என்றாலே சாராயம் காய்ச்சுவதுதான் நினைவுக்கு வருகிறது. சாராயம் காய்ச்சி வடிப்பது, ஆவியைப் பிடித்துக் குளிர வைப்பது. பீரில் வடிப்பதே இல்லை, அது கள் மாதிரி புளித்து நொதிப்பது. முதலில் பார்லியை முளைகட்டிக் காயவைக்கிறார்கள், சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டுவோமே அதே வேலை. உடைத்த அந்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி சூட்டில் வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்புச் சாறு இறங்கும். அதைக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஏல் என்ற வகை தயாராகிவிடும், லாகர் என்ற வகை என்றால் குளிரில் பல வாரம் கிடக்க வேண்டும். நீங்கள் போகும் நேரத்தில் மால்ட் ஊறிக்கொண்டிருந்தால் கதவைத் திறந்ததுமே ஒரு மணம் முகத்தில் அடிக்கும், ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து மூக்கை வைத்த மாதிரியே இருக்கும். ஹார்லிக்ஸிலும் முளைகட்டிய பார்லி இருக்கிறதே. மது வாசனையே வீட்டுப் பக்கம் வராத என் பெரியம்மா அந்த வாசலில் நின்று 'இது நம்ம ஹார்லிக்ஸ் வாசனைடா' என்று சொன்ன பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார். சாறு எடுத்த பிறகு மிஞ்சும் தானியச் சக்கை வீணாவதில்லை, இங்கே பல புரூவரிகளிலிருந்து பண்ணைக்காரர்கள் மாட்டுக்குத் தீவனமாக வாங்கிப் போவார்கள், நாம் புண்ணாக்கு வைப்பது போலத்தான்.

இனி உயரம் பீரை என்ன செய்கிறது என்று சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, புரிந்துகொண்டு குடித்தால் அந்த கிளாஸ் வேறு மாதிரி தெரியும். அங்கே தங்கும் வாடகை வீட்டில் நீங்கள் சாம்பார் வைக்கப் போனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், ஆனால் 9,600 அடியில் அது கொதிப்பது சுமார் 90 டிகிரியிலேயே, அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் அதற்கு மேல் சூடேறாது. அதனால் கையோடு ஒரு சின்னக் குக்கர் எடுத்துப் போங்கள். பீர் காய்ச்சுபவருக்கும் இதே பிரச்சினைதான், அவருக்குக் குக்கர் வசதியும் கிடையாது. ஹாப்ஸின் கசப்பு பச்சையாகப் போட்டால் வராது, கொதியில் அதன் அமிலங்கள் உருமாறினால்தான் பீருக்குள் கசப்பு இறங்கும். 100 டிகிரியில் நடக்கும் அந்த மாற்றம் 90 டிகிரியில் பாதி வேகத்துக்கும் கீழே போய்விடும். ஒன்று அதிக நேரம் கொதிக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் ஹாப்ஸைக் கூட்டிப் போட வேண்டும். இன்னொன்றும் உண்டு, வெளிர் மால்ட்டில் வேகவைத்த மக்காச்சோளம் போல ஒரு வாடை உருவாக்கும் பொருள் இருக்கிறது, நீண்ட நேரம் நன்றாகக் கொதித்தால்தான் அது ஆவியோடு வெளியேறும். ஆகவே மலையில் ஒருவர் வெளிர் நிற லாகரை அந்த வாடை இல்லாமல் சுத்தமாகக் கொடுக்கிறார் என்றால், அந்த ஆள் வேலை தெரிந்தவர் என்று நம்பலாம். நான் புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பேன். ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட ஐ.பி.ஏ. என்ற கசப்பு ஏல் ஹாப்ஸின் வாசனையால் பல குறைகளை மறைத்துவிடும், லாகரில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

குழாயில் ஊற்றுவதும் அங்கே தனி வித்தைதான். வெளிக்காற்று அழுத்தம் குறைவு என்பதால் பீருக்குள் கரைந்திருக்கும் வாயு வெளியே வரத் துடிக்கும், பீப்பாய்க்குக் கொடுக்கும் அழுத்தத்தை அதற்கேற்பக் கூட்டி வைக்காவிட்டால் பாதி கிளாஸ் நுரையாகத்தான் வரும். நுரை சற்றே உயரமாக நின்றால் குறையாக நினைக்காதீர்கள். கிளாஸ் முழுக்க நுரையாக இருந்து அடியில் இரண்டு விரல் பீர் இருந்தால் மட்டும் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

என்ன குடிப்பது? நீங்கள் எப்போதாவது குடிப்பவர், இந்தியாவில் பழகியது லாகராகத்தான் இருக்கும். முழு பைன்ட் எதுவும் வாங்காதீர்கள், 'ஃப்ளைட்' கேளுங்கள். ஒரு மரப்பலகையில் நான்கைந்து குட்டிக் கிளாஸ்கள் வரும், ஒவ்வொன்றும் சுமார் 120 மில்லி, எதை வைக்க வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்க பைன்ட் 473 மில்லி என்பதால் நான்கு குட்டிக் கிளாஸ் என்பது ஏறக்குறைய ஒரு பைன்ட்தான் என்பது நினைவிருக்கட்டும், சின்னதாக இருக்கிறதே என்று இரண்டாவது பலகை கேட்டுவிடாதீர்கள். இடமிருந்து வலமாக வெளிரிலிருந்து கருமைக்கும், மெல்லியதிலிருந்து கசப்புக்கும் போங்கள். முதலில் அன்றைக்கு இருக்கிற லாகரோ, கோல்ஷ் என்ற வெளிர் ஏலோ ஒன்று. இரண்டாவது அவலாஞ்ச், அந்தக் கடையின் ஆரம்பகால அடையாளம், செம்பழுப்பு நிற ஏல், பாகு காய்ச்சும்போது நிறம் மாறத் தொடங்கும் கணத்தில் ஒரு மணம் வருமே அது இதில் இருக்கும், கசப்பு குறைவு, புதியவர்களுக்கு நல்ல வாசல். அப்புறம் வனிலா போர்ட்டர். இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பாக இருக்கும், காபி சேர்த்தார்களா என்று கேட்பீர்கள், சேர்க்கவில்லை, கருக வறுத்த மால்ட் தருகிற மணம் அது. டிகாஷன் இறங்கியதும் ஃபில்டரைத் திறந்தால் வருமே அந்த வாசனையும், அடியில் ஒரு சாக்லேட் நினைவும், மேலே வனிலாவும். வந்த உடனே ஜில்லென்று குடித்துவிடாதீர்கள், பலகையில் 20 நிமிடம் இருக்கட்டும், குளிர் விட்ட பிறகுதான் மணம் வாய் திறக்கும். நடுவில் ஐ.பி.ஏ. ஒன்று வைக்கலாம், ஆனால் கரும்பலகையில் எழுதியிருக்கும் மதுவின் சதவீதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், டபுள் ஐ.பி.ஏ. என்றால் 8 சதவீதத்துக்கும் மேலே போகும், இந்த உயரத்தில் அது வேண்டாம். ஒவ்வொரு குட்டிக் கிளாஸுக்கும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் இலவசம், கேட்கத் தயங்காதீர்கள்.

கடைகளில் கேனில் கிடைக்கும் பிரெக்கன்ரிட்ஜ் பீர் இந்தச் சின்னக் கலன்களிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனி 1992லேயே டென்வருக்கு விரிந்தது, 2015ல் டென்வர் பக்கத்து லிட்டில்டனில் பெரிய ஆலை கட்டியது, அதே வருடக் கடைசியில் பட்வைசர் பீர் செய்யும் ஆன்ஹைசர் புஷ் அதை வாங்குவதாக அறிவித்தது, 2023ல் டில்ரே என்ற கனடா கம்பெனிக்குக் கைமாறியது. உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு, அது நியாயமான வருத்தம்தான், சொந்த ஊர்க் கடை என்று நினைத்தது தூரத்துப் பங்குச்சந்தைக் கணக்கில் ஒரு வரியாகிவிட்டதே என்று. ஆனாலும் பப்பில் அங்கேயே காய்ச்சி அங்கேயே தீர்ந்துபோகிற சிறு தொகுதிகள் இருக்கும், கேனில் கிடைக்காதவை. ஊற்றுபவரிடம் 'இங்கேயே காய்ச்சியது எது' என்று கேளுங்கள், இந்த ஒரு கேள்விக்கு அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

பெரிய கம்பெனி வேண்டாம் என்று தோன்றினால் அதே ஊரின் வடக்குப் பக்கம் ப்ரோக்கன் காம்பஸ் இருக்கிறது, 2014ல் வந்தது. அங்கே தேங்காய் போட்ட போர்ட்டரும் மிளகாய் போட்ட பேல் ஏலும் பிரபலம், நம் ஆட்களுக்கு இரண்டுமே சட்டென்று பிடித்துப்போகும். மிளகாய் பீர் காரமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், பச்சை மிளகாயைக் கிள்ளியதும் வருகிற மணம்தான் தூக்கலாக இருக்கும், காரம் தொண்டையில் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். அது டேப்ரூம் வகை, அதனால் அப்பா அம்மாவைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வரலாம். பக்கத்து ஊர் ஃப்ரிஸ்கோவில் அவுட்டர் ரேஞ்ச், டில்லனில் 1997 முதல் இருக்கும் டில்லன் டேம் புரூவரி. நான்கு நாளில் எல்லாவற்றையும் சுற்ற நினைக்காதீர்கள், ஒன்றிரண்டு போதும்.

சாப்பாடு விஷயத்தில்தான் சைவக்காரர்கள் ஏமாறுவார்கள். 'கிரீன் சில்லி' என்று மெனுவில் பார்த்ததும் பச்சை மிளகாய்ச் சட்னி என்று நினைத்துவிடாதீர்கள், கொலராடோவில் அது பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்ட குழம்பு, பர்ரிட்டோ மேலும் ஃப்ரைஸ் மேலும் ஊற்றித் தருவார்கள். வெறும் 'சில்லி' என்றால் மாட்டிறைச்சி. பீர் சீஸ் சூப்பில் கோழி எலும்புச் சாறு சேர்த்திருக்கலாம். ஃப்ரைஸ் வறுக்கும் எண்ணெயில் கோழியும் வறுப்பார்கள், அது உறுத்தும் என்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். பெரிய பிரெட்ஸல், கறுப்பு பீன்ஸ் பர்கர், சீஸ் மட்டும் வைத்த கேசடியா, சாலட், இவற்றை நம்பிப் போகலாம், அளவு பெரிது, அப்பா அம்மாவுக்கு ஒரு தட்டு வாங்கிப் பிரித்துக்கொடுத்தால் போதும். நீங்களும் சைவம் என்றால் பீரைப் பற்றியும் ஒரு வார்த்தை: பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சிலர் சேர்ப்பதுண்டு, சிறு புரூவரிகளில் இப்போது அரிது, ஆனாலும் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். மில்க் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் என்றால் பால் சர்க்கரை சேர்த்தது.

மகளுக்கு 'ரூட் பீர்' வாங்கித் தரலாம், பெயரில்தான் பீர், மது கிடையாது, பல புரூபப்புகளில் அதையும் தாங்களே செய்வார்கள். முதல் வாய்க்கு நம்மவர்களுக்குத் தலைவலித் தைலம் மாதிரி அடிக்கும், இரண்டாவது மூன்றாவது வாயில் நன்னாரி சர்பத் நினைவுக்கு வந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு அது பிடிக்கும் என்று என் கணிப்பு.

உங்கள் பாஸ்போர்ட்டையோ அமெரிக்க ஓட்டுநர் உரிமத்தையோ கையில் வையுங்கள், 21 வயது தாண்டியதைக் காட்ட நரைத்த தலை போதாது, போனில் எடுத்த படமும் செல்லாது. பில்லில் வரி தனியாகச் சேரும், அதற்கு மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம், பரிமாறுபவர்களின் வருமானம் பெரும்பாலும் அதுதான், அந்த மலையூரில் வீட்டு வாடகை எவ்வளவு என்று தெரிந்தால் யாரும் குறைக்க மாட்டார்கள். மேசை முன்பதிவு பெரும்பாலும் இருக்காது. மதிய 2 மணியிலிருந்து 4 மணி வரை அமைதி, 6 மணிக்குப் போனால் வாசலில் நிற்க வேண்டும், குளிரில் பெரியவர்களை நிறுத்தாதீர்கள். செப்டம்பரில் ஒரு வார இறுதியில் பிரதான தெருவையே மூடி அக்டோபர்ஃபெஸ்ட் நடத்துவார்கள், உங்கள் தேதியில் அது வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் உட்கார இடமே கிடைக்காது. அந்த விழா முடிந்த வாரத்தில் போவது நல்லது, ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும், கூட்டமும் ஓரளவு குறையும்.

வண்டி ஓட்டுவது பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் ஓட்டுபவரின் இரத்தத்தில் மது 0.08 சதவீதம்தான் வரம்பு என்று நினைத்திருப்பீர்கள், கொலராடோவில் 0.05 தாண்டினாலே அது தனிக் குற்றம். பலகை ஒன்று முடித்துவிட்டு மலைப்பாதையில் அப்பா அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஓட்டவே வேண்டாம். தேவையும் இல்லை, ஊருக்குள் ஓடும் 'ஃப்ரீ ரைடு' பேருந்து இலவசம், ஃப்ரிஸ்கோ, டில்லன் வரை போகும் 'சம்மிட் ஸ்டேஜ்' பேருந்தும் இலவசம். தங்குமிடத்திலிருந்து பேருந்தில் போய், பேருந்திலேயே திரும்புங்கள், இல்லை மனைவி ஓட்டட்டும்.

கடைசியாக, ஊருக்கு வாங்கிப் போவது. 'கிரௌலர்' என்ற பெரிய கண்ணாடிக் குடுவையில் குழாயிலிருந்து நிரப்பித் தருவார்கள், அதை வாங்காதீர்கள், திறக்காமல் வைத்தாலும் சில நாளில் உயிர் போய்விடும், விமானத்துக்கும் சரிப்படாது. கேன்களாக வாங்கிச் சட்டைகளுக்கு நடுவே சுற்றி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். அப்பா சென்னைக்குத் திரும்பும்போது மாமாவுக்கு எடுத்துப் போகிறார் என்றால் இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரி இல்லை. 355 மில்லி கேன் ஐந்து வைத்தால் 1,775 மில்லி, ஆறாவது வைத்தால் வரம்பு தாண்டிவிடும். ஐந்தில் மூன்று வனிலா போர்ட்டராக இருக்கட்டும், பயணத்தின் சூட்டையும் குலுக்கலையும் ஐ.பி.ஏ.வைவிட அது நன்றாகத் தாங்கும்.